பிளேசான்ஸ் – ஜில்லோ: தூரம் எத்தனை கி.மீ.? பறக்கும் நேரம் உண்மையில் எவ்வளவு?

வாக்வா வாசி

எல்லோருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடிக்கு எங்கள் கோயிலிலிருந்து 22 பேர் மொரிசியஸின் பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்து ரீயூனியனுக்குப் போகிறோம். இறங்குவது ஜில்லோ (ரோலான் காரோஸ்) விமான நிலையம், அங்கிருந்து சேந்தாந்த்ரே கோயிலுக்கு வேன். எல்லோருக்கும் கொடுக்கப் பயண விவரத் தாள் ஒன்று எழுதி வருகிறேன். அதில் தூரமும் நேரமும் போடப் போய்த்தான் குழப்பம்.

தூரத்துக்கு இணையத்தில் 175, 232, 255 என்று மூன்று எண்கள் கிடைக்கின்றன. ஒரு தளம் 144 மைல் என்கிறது, இன்னொன்று 125 மைல் என்கிறது. நேரமும் அப்படித்தான்: ஒன்று 17 நிமிடம், ஒன்று 47 நிமிடம், டிக்கெட்டில் போகும்போது 50 நிமிடம். எது சரி? ஒரே இரண்டு தீவுக்கு நடுவே இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது?

இன்னும் இரண்டு கேள்வி. வேன்காரருக்கு எந்த நேரம் சொல்வது? விமானம் காலை 8:40க்குப் புறப்பட்டு 9:30க்குச் சேருகிறது. குழுவில் இருவர் அன்று காலையில்தான் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பிளேசான்ஸ் வந்து எங்களோடு சேர வேண்டும். அவர்களுக்கு நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும்?

---

திசைமானி

வணக்கம். நீங்கள் பார்த்த எண்கள் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். முதலில் தூரம்.

175 கி.மீ. என்பது தீவுக்கும் தீவுக்கும் நடுவே உள்ள கடல், அதாவது கரையிலிருந்து கரை. மொரிசியஸின் தென்மேற்கு மூலையான லெ மோர்னிலிருந்து ரீயூனியனின் கிழக்குக் கரைக்கு ஏறத்தாழ அவ்வளவு வரும். ஆனால் பிளேசான்ஸ் இருப்பது மொரிசியஸின் தென்கிழக்கில், ரீயூனியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஜில்லோ இருப்பது ரீயூனியனின் வடக்குக் கரையில். அதனால் நிலையத்திலிருந்து நிலையம் அளந்தால் சுமார் 232 கி.மீ.

125, 144 இரண்டும் அதே தூரம்தான். 125 கடல் மைல், 144 தரை மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., ஒரு தரை மைல் 1.609 கி.மீ. விமானத் தளங்கள் கடல் மைலை வெறும் "மைல்" என்று போட்டுவிடுவதால் வரும் வினை இது. தாளில் கி.மீ. மட்டும் எழுதுங்கள்.

255 கி.மீ. என்பது வேறு விமான நிலையம். ரீயூனியனில் தெற்கே சேன்-பியேர் பக்கம் பியேர்ஃபோன் என்று இரண்டாவது நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் ஓடுபாதை 2,100 மீட்டர். ஜில்லோவில் பெரிய ஓடுபாதை 3,200 மீட்டர். தேடும்போது "ரீயூனியன் – எல்லா நிலையங்களும்" என்று போட்டால் இது உள்ளே வந்துவிடும். சேந்தாந்த்ரே கிழக்குக் கரையில் இருப்பதால் உங்களுக்கு ஜில்லோதான். அங்கிருந்து சாலையில் சுமார் 20 கி.மீ. பியேர்ஃபோனில் இறங்கினால் பாதித் தீவைச் சுற்ற வேண்டும்.

நீங்களே கையால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கால்குலேட்டரில் கொசைன் பொத்தான் இருந்தால் போதும்.

பிளேசான்ஸ்: தெற்கு 20°26′, கிழக்கு 57°41′
ஜில்லோ: தெற்கு 20°53′, கிழக்கு 55°31′

அட்சரேகை வித்தியாசம் 27 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). அட்சரேகையில் ஒரு கலை ஒரு கடல் மைல் என்பதால் இது அப்படியே 27 கடல் மைல். தீர்க்கரேகை வித்தியாசம் 2°10′, அதாவது 130 கலை. இதை அப்படியே மைலாக எடுக்கக் கூடாது. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் நடு அட்சரேகையின் (20°40′) கொசைனால் பெருக்க வேண்டும். 130 × 0.9357 = 121.6 கடல் மைல். இனி பைதாகரஸ்: 27 × 27 = 729, 121.6 × 121.6 ஏறத்தாழ 14,787. கூட்டினால் 15,516, வர்க்கமூலம் 124.6. கி.மீ. ஆக்கினால் 231.

தளம் 232 என்கிறதே என்றால், நாம் நிலையத்தின் இடத்தை முழுக் கலைக்குச் சுருக்கிவிட்டோம். ஒரு கலைக்கு 1.85 கி.மீ. என்பதால் ஒன்றிரண்டு கி.மீ. இப்படி அப்படி ஆகும். பூமியின் வளைவை விட்டுவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். இந்தத் தூரத்தில் வளைவால் வரும் வித்தியாசம் ஓடுபாதை நீளத்துக்குக்கூட வராது.

இந்தக் கணக்கில் வழக்கமாகச் சறுக்குகிற இடங்கள் இரண்டு. முதலாவது, 20°26′ என்பதை 20.26 என்று தட்டுவது. 26 கலை என்றால் 26/60, அதாவது 0.433. இரண்டு நிலையத்துக்கும் அப்படித் தவறாகத் தட்டினால் 220 கி.மீ. என்று வரும். பார்க்க நம்பும்படி இருப்பதால் யாரும் பிழை என்று கண்டுபிடிக்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து. இரண்டாவது, தெற்குக்கு உரிய கழித்தல் குறியை ஒன்றுக்குப் போட்டு இன்னொன்றுக்கு மறப்பது. அப்போது ஒரு நிலையம் வடக்கே ஓமான் பாலைவனத்துக்குப் போய்விடும், விடை 4,500 கி.மீ.யைத் தாண்டும். இது உடனே கண்ணில் பட்டுவிடும், அதனால் பரவாயில்லை.

---

ஏடிஆர் நேசன்

தூரத்தைத் திசைமானி ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார். நேரத்துக்கு நான் வருகிறேன்.

17 நிமிடம்: தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்த எண். ஒரு விமானம் பிளேசான்ஸுக்கு மேலே முழு வேகத்தில் தோன்றி ஜில்லோவுக்கு மேலே அதே வேகத்தில் மறைந்தால் 17 நிமிடம். அதனால் யாருக்கும் பயனில்லை.

47 நிமிடம்: அதே 17ஓடு, ஏறவும் இறங்கவும் என்று எல்லாத் தடத்துக்கும் ஒரே மாதிரி 30 நிமிடம் சேர்த்த எண். இங்கே அது டிக்கெட் நேரத்துக்குப் பக்கத்தில் வந்தது தற்செயல். அதே சூத்திரத்தை ரோட்ரிக்ஸ் தீவுக்குப் போட்டுப் பாருங்கள். பிளேசான்ஸிலிருந்து அங்குள்ள பிளேன் கொராய் நிலையம் 598 கி.மீ. சூத்திரம் 45 + 30 = 75 நிமிடம் என்று சொல்லும். உண்மையில் ஏடிஆர் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். காரணம், சூத்திரம் ஜெட் வேகத்தை எடுத்துக்கொள்கிறது. ஏடிஆர் 72 என்பது விசிறி சுழலும் டர்போபுராப் விமானம், நிலைப்பயண வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ.தான்.

இனி உங்கள் தடத்தை ஏடிஆர் கணக்கில் பிரித்துப் பார்ப்போம். கடல் மைலில் சொல்கிறேன், பைலட் கணக்கு அதில்தான் ஓடும்.

16,000 அடிக்கு ஏற 13, 14 நிமிடம். அதற்குள் 45 கடல் மைல் போயிருக்கும். இறங்குவதற்கு ஒரு மைலுக்கு 300 அடி வீதம் என்று வைத்தால் 16,000 அடி இறங்க 50 மைலுக்குக் கொஞ்சம் கூட வேண்டும், அதற்கு இன்னொரு 13 நிமிடம். 125 மைலில் 95க்கு மேல் ஏறவும் இறங்கவுமே போய்விட்டது. மேலே சமமாகப் பறப்பது 30 மைல்கூட இல்லை, 7 நிமிடம். பணிப்பெண் தண்ணீர்க் குவளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதே குவளையைச் சேகரிக்கும் அறிவிப்பு வருவது இதனால்தான்.

இதோடு புறப்படும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் வளைந்து போகும் தூரம் 15–20 மைல், 6 நிமிடம். ஆக, சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை 40 நிமிடம். புறப்படும் முன் ஓடுபாதை வரை உருண்டு போக 5, 6 நிமிடம், இறங்கியபின் நிற்கும் இடம் வர 3, 4 நிமிடம். 50 வந்துவிட்டது. டிக்கெட்டில் போட்டிருப்பது இந்த மொத்தம்தான்: கதவை மூடிச் சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும்வரை.

ஜெட் விமானம் என்றால் சீக்கிரமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஐந்தாறு நிமிடம்தான் மிச்சமாகும். ஏர் ஆஸ்ட்ரால் ஏ220 வைத்திருக்கிறது, ஏர் மொரிசியஸ் ஏடிஆரும் பெரிய விமானமும் மாற்றி மாற்றி விடும். 232 கி.மீ.யில் எந்த ஜெட்டும் தன் முழு வேகத்தைத் தொட முடியாது, தொடும் முன் இறங்கத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று: போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம் ஆகாது. தென்கிழக்குக் காற்று முதுகில் தள்ளுவதால் ரீயூனியன் போகும்போது கொஞ்சம் சீக்கிரம், திரும்பும்போது தாமதம்.

---

திசைமானி

கடைசிப் பத்தி நேர்மாறு, நேசன் தம்பி. மற்றதெல்லாம் சரி.

நாம் தரையில் உணர்கிற தென்கிழக்குக் காற்று, இங்கே எல்லோரும் அலிசே என்கிறோமே, அது மேலே கொஞ்ச உயரம் வரைதான் உண்டு. குளிர்காலத்தில் இரண்டரை, மூன்று கி.மீ. உயரத்தில் அது அடங்கி, அதற்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று அடிக்கும். 16,000 அடி என்பது ஏறத்தாழ ஐந்து கி.மீ. ஆக ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ரீயூனியன் போகிற விமானத்துக்குக் கீழே பின்காற்று, மேலே எதிர்காற்று. சமமாகப் பறக்கிறதும் உயரத்தில் ஏறி இறங்குகிறதும் மேல்காற்றிலேதான். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) எதிர்காற்று இருந்தால் 40 நிமிடம் 44 ஆகும். தை மாதத்தில் மேலே காற்று பொதுவாக மெலிது, திசையும் நிலையில்லை. அப்போது காற்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் மாறாது.

உண்மையான வித்தியாசத்தைத் தருவது ஓடுபாதையின் திசை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தடத்தின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். பிளேசான்ஸ் ஓடுபாதை 14/32, அதாவது ஒரு திசையில் ஓடினால் அதன் பெயர் 14, எதிர்த்திசையில் ஓடினால் 32. தென்கிழக்குக் காற்று இருக்கும் நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், தென்கிழக்குப் பக்கம் பார்த்து 14இல் ஏறும். நமக்குப் போக வேண்டியதோ மேற்கு-தென்மேற்கு, உண்மை வடக்கிலிருந்து 257 பாகை. ஆக, தரையை விட்டதும் ரீயூனியனுக்கு எதிர்த்திசையில் கடல்மேல் கொஞ்சம் போய், வலப்பக்கமாக ஏறத்தாழ 135 பாகை திரும்ப வேண்டும்.

ஜில்லோவிலும் அதே காற்று. அங்கே 12இலோ 14இலோ இறங்க வேண்டும், இரண்டும் கிழக்கு-தென்கிழக்கைப் பார்த்தவை. நாம் கிழக்கிலிருந்து வருகிறோம். தெற்குப் பக்கம் மலை, தீவின் நடுவே பித்தோன் தெ நெய்ழ் 3,000 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அதனால் வடக்கே கடல்மேல் விமான நிலையத்தைக் கடந்து, தலைநகர் சேன்-தெனிக்கு எதிரே மேற்கு வரை போய், இடப்பக்கமாகத் திரும்பி வந்து இறங்க வேண்டும். சேருமிடத்தைக் கண்ணால் பார்த்தபடியே தாண்டிப் போகிறோம். தீவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் போகும்போது இடப்பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள், இந்தக் கட்டத்தில் மலை முழுக்க அந்தப் பக்கம்தான்.

திரும்பும்போது இந்த இரண்டு வளைவும் இல்லை. ஜில்லோ 12இல் ஏறினால் மூக்கு ஏற்கெனவே மொரிசியஸ் பக்கம்தான், லேசாக இடப்பக்கம் திருப்பினால் போதும். பிளேசான்ஸ் 14இல் இறங்க மேற்கு-வடமேற்கிலிருந்து வர வேண்டும், வருகிற திசைக்கு 45 பாகை வளைவுதான். ஆக, போக 40 என்றால் வர 35, சில நாள் அதற்கும் குறைவு.

காற்று மேற்கே திரும்பிய நாளில் ஜில்லோவில் 30ஆம் முனையில் இறக்குவார்கள். அப்போது கிழக்கிலிருந்து வருகிற வேகத்தில் ஏறத்தாழ நேராகப் போய் இறங்கிவிடலாம், ஐந்து நிமிடம் முன்னதாகவே வாசலில் நிற்கும்.

---

ஏடிஆர் நேசன்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. தரைக்காற்றை மேலேயும் நீட்டிவிட்டேன். என் பதிலில் அந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள் தள்ளிவிடுங்கள்.

உயரத்தைப் பற்றி ஒன்று சேர்க்கலாம். நான் சொன்ன 16,000 கைக்கு வந்த எண் இல்லை. காந்தத் திசையில் மேற்குப் பாதியில் பறக்கிறவர்கள் இரட்டைப்படை மட்டம், கிழக்குப் பாதியில் ஒற்றைப்படை மட்டம் எடுக்க வேண்டும் என்பது உலகப் பொது விதி. அதனால் போகும்போது 14,000, 16,000, 18,000 என்று வரும், திரும்பும்போது 15,000, 17,000. தட அடர்த்தி குறைவாக இருந்தாலும் எதிரெதிரே வருகிறவர்களுக்கு நடுவே 1,000 அடி எப்போதும் இருக்கும்.

---

சேந்தாந்த்ரே

ரீயூனியன் பக்கத்திலிருந்து வேன் கேள்விக்குப் பதில்.

9:30 என்பது விமானம் நிற்கும் நேரம். வெளியே வரும் நேரம் இல்லை. ஏடிஆர் என்றால் எழுபது பேர் போல, இறங்கி நடக்க 5–10 நிமிடம். குடிவரவில் நின்று முத்திரை வாங்க வேண்டும். ரீயூனியன் பிரான்ஸின் ஒரு மாவட்டம், ஆனால் ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஷெங்கன் பகுதிக்குள் இல்லை, அதனால் எல்லா வெளி விமானத்துக்கும் சோதனை உண்டு. பாரிஸிலிருந்து வரும் பெரிய விமானங்கள் காலையில்தான் இறங்கும். அதில் ஒன்று உங்களுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் வரிசை ஒரு மணி நேரம்கூட இழுக்கும், உங்களுக்குப் பின்னால் வந்தால் இருபது நிமிடத்தில் முடியும். பெட்டி, பிறகு சுங்கம். 22 பேர் காவடிச் சாமானோடு வந்தால் சுங்கத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேன்காரரிடம் 10:30 என்று சொல்லுங்கள். கிழக்கே போகிற தேசிய நெடுஞ்சாலை 2இல் அந்த நேரத்தில் 25 நிமிடம். காலை நெரிசல் சேன்-தெனியை நோக்கித்தான் இருக்கும், நீங்கள் அதற்கு எதிராகப் போகிறீர்கள். மாலை விமானத்தில் வந்திருந்தால் கதை வேறு, நாலு மணிக்கு மேல் நகரத்திலிருந்து கிழக்கே வீடு திரும்புகிற கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடிகாரத்தை மாற்ற வேண்டாம். இரண்டு தீவும் ஒரே நேரம், கிரீன்விச்சுக்கு 4 மணி முன்னால். மொரிசியஸ் 2008–2009 கோடையில் ஒரு மணி முன்னே தள்ளிப் பார்த்துக் கைவிட்டது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறவர்கள் மட்டும் இரண்டு மணி நேரம் முன்னே வைக்க வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை

ஜோகன்னஸ்பர்க் இருவர் விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது: இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டா, தனித்தனியா?

ஒரே டிக்கெட் என்றால் பெட்டிக்கு ஜில்லோ வரை சீட்டு ஒட்டுவார்கள், அவர்கள் பிளேசான்ஸில் மாற்றுப் பயணி வழியில் போய்ச் சோதனை முடித்து அடுத்த வாசலுக்குப் போகலாம். ஒன்றரை மணி போதும். தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றுவதும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு.

தனித்தனி டிக்கெட் என்றால் மொரிசியஸுக்குள் நுழைய வேண்டும்: நுழைவுப் படிவம், குடிவரவு வரிசை, பெட்டி, சுங்கம், மேல்தளம் போய் மறுபடி செக்-இன். செக்-இன் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் மூடும். 50 நிமிடப் பயணம்தானே என்று கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பறக்கும் நேரம் குறைவு என்பதற்காக வெளிநாட்டு விமானத்துக்கான விதி எதுவும் குறையாது. மூன்று மணிக்குக் குறைவாக விடாதீர்கள். 8:40 விமானத்துக்கு அவர்கள் 5:40க்கு முன்னால் இறங்க வேண்டும் என்று ஆகிறது. அந்த நேரத்துக்கு விமானம் இல்லையென்றால் முந்தின நாள் வந்து மாயெபூர் பக்கம் தங்கிவிடுவதே உத்தமம். அங்கிருந்து நிலையம் பக்கம்தான்.

விசாவையும் இப்போதே பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு விசா தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரண ஷெங்கன் விசா மட்டும் ரீயூனியனுக்குச் செல்லாது, ரீயூனியனுக்கும் செல்லும் என்ற குறிப்பு அதில் இருக்க வேண்டும். மொரிசியஸ் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய தங்கலுக்கு விசா வேண்டாம்.

தாமதத்துக்கு இழப்பீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி என்பதால் ஒன்றியத்தின் 261/2004 விதி அங்கே பொருந்தும். ஜில்லோவிலிருந்து புறப்படும் எந்த நிறுவன விமானமும் அதில் அடங்கும். சேருவது 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, காரணம் நிறுவனத்தின் கையில் இருந்தது என்றால், 1,500 கி.மீ.க்கு உட்பட்ட தடத்துக்கு ஆளுக்கு 250 யூரோ. பிளேசான்ஸிலிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவன விமானம் என்றால் பொருந்தும், மொரிசியஸ் நிறுவனம் என்றால் பொருந்தாது. புயலால் நின்றால் பணம் கிடையாது, ஆனால் சாப்பாடும் தங்கும் இடமும் தர வேண்டும். எல்லோரும் போர்டிங் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

---

சேந்தாந்த்ரே

புயல் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். தைப்பூசம் வருவது ஜனவரி, பிப்ரவரி. அது புயல் காலத்தின் நடு.

மொரிசியஸில் எச்சரிக்கை 1இலிருந்து 4 வரை ஏறும், மூன்றாம் எச்சரிக்கை வந்தால் பிளேசான்ஸ் மூடும். ரீயூனியனில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று போகும், சிவப்பில் ஊரே வீட்டுக்குள், ஜில்லோவும் மூடும். 230 கி.மீ. தூரத்தில் இருப்பதால் ஒரு தீவு தப்பித்து மற்றது மாட்டிக்கொள்வதும் உண்டு, ஒரே புயல் இரண்டையும் மூடுவதும் உண்டு. 2024 ஜனவரி 15இல் பெலால் வந்தபோது ரீயூனியனில் புயல், அதே நாளில் போர்ட் லூயியில் வெள்ளம். 2025 பிப்ரவரி 28இல் கரான்ஸ் ரீயூனியனின் வடக்கைத்தான் தாக்கியது.

காவடி நாளுக்கு முந்தின நாள் மாலை வந்து சேருகிற மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள். இரண்டு முழு நாள் முன்னால் வாருங்கள். மூடிய நிலையம் திறந்த பிறகும் தேங்கிய கூட்டம் தீர ஒரு நாள் பிடிக்கும், 22 பேருக்கு ஒரே விமானத்தில் இடம் கிடைக்காது.

---

வாக்வா வாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பிளேசான்ஸ் – ஜில்லோ 232 கி.மீ.; காற்றில் 40 நிமிடம், வாசலிலிருந்து வாசல் 50 நிமிடம்; நிலையத்துக்கு வர வேண்டிய நேரம் காலை 5:45; ஜில்லோவில் வெளியே வரும் நேரம் 10:30." ஜோகன்னஸ்பர்க் அண்ணனும் அண்ணியும் தனி டிக்கெட்தான், முந்தின நாளே வரச் சொல்லிவிட்டோம்.

கடைசியாக ஒன்று. கோயில் சாமான் எதை எடுத்துப் போகலாம்? கற்பூரம், தேங்காய், கறிவேப்பிலை, எலுமிச்சை, அலகு, சின்ன வேல், பால் – இதெல்லாம் பட்டியலில் இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை

பட்டியலைப் பாதியாக்க வேண்டியிருக்கும், அக்கா.

கற்பூரம் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. விமான விதியில் அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், 4.1ஆம் வகுப்பு. பூஜைப் பையின் மூலையில் மறந்து கிடக்கிற ஒரு வில்லைக்கும் அதே விதிதான், அதனால் பைகளைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்பரையும் அப்படியே. எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறக்கூடியது என்று 4.2ஆம் வகுப்பில் வைத்திருக்கிறார்கள். தீப்பெட்டி பெட்டியில் கூடவே கூடாது.

அலகு, வேல், ஊசி எல்லாம் சரக்கில் போகும் பெட்டியில். கூர் முனையில் தடித்த அட்டை சுற்றி, துணியில் உருட்டி, மேலே "காவடி அலகு" என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். எக்ஸ்ரேயில் பார்க்கிறவர் பெட்டியை உடைத்துத் திறக்காமல் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்.

எலுமிச்சை, கறிவேப்பிலை, மாவிலை, வேப்பிலை, பூ எதையும் எடுக்காதீர்கள். செடி, பழம், இலைக்கு நோயின்மைச் சான்று வேண்டும், ரீயூனியனில் கரும்பு, பழத் தோட்டங்களைக் காக்க இதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். வேல் நுனியில் செருகின எலுமிச்சையோடு யாராவது இறங்கிவிடுவது உண்டு, அதுவும் பழம்தான், பிடுங்கிக்கொள்வார்கள். பாலும் பால்பொருளும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை. நெய்யும் அதில் சேரும்.

திருநீறு, குங்குமம், சந்தனப் பொடி பெட்டியில் தாராளமாகப் போகலாம், மூடி இறுக்கி இரட்டைப் பையில் கட்டுங்கள்.

---

சேந்தாந்த்ரே

எலுமிச்சை, தேங்காய், வேப்பிலை, பால், கற்பூரம் எல்லாம் இங்கேயே கிடைக்கும். சேந்தாந்த்ரே கடைகளில் தைப்பூச வாரத்தில் குவித்து வைத்திருப்பார்கள். உங்கள் கோயிலிலிருந்து இங்குள்ள கோயில் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே ஆள் எண்ணிக்கையைச் சொல்லி, பால் குடத்துக்கு மட்டும் எத்தனை லிட்டர் என்று எழுதி அனுப்புங்கள். அந்த நாளில் பால்தான் முதலில் தீரும்.

---

ஏடிஆர் நேசன்

காவடிச் சட்டம் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்ததுதானே? வில் வளைவு கழலாத சட்டம் ஏடிஆரில் சிக்கல். ஏடிஆரின் சரக்கு அறை சின்னது, முன் கதவுக்கு அருகே ஒன்று, வாலில் ஒன்று. நிறுவனத்திடம் நீளம், அகலம், எடை மூன்றையும் இப்போதே எழுத்தில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். கைப்பெட்டியும் அப்படித்தான். மேல் தட்டு தாழ்வு, கெட்டியான சக்கரப் பெட்டி உள்ளே போகாது, படிக்கட்டு அடியிலேயே வாங்கிச் சரக்கில் போட்டுவிடுவார்கள். மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி மூன்றையும் தோளில் மாட்டும் துணிப்பையில் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.